துக்கம் கழிந்த வீட்டில் வைத்த முதல் எண்ணெய்ச் சட்டி

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். கடையில் வாங்க வேண்டிய சாமான்களை எழுதித் தருவேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன், பாதி விஷயம் மறந்தும் போகிறது. வீடுகளுக்குச் சமைக்கப் போகும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னோடு வேலைக்கு வரும் மீனாள் கேட்டாள். கூட்டத்தில் நின்று பேச எனக்கு வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், நீயே படித்துக் காட்டு என்றேன். தப்பாக இருக்கும் இடத்தில் சிரித்துவிட்டு மேலே படியுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

வடைக்கு உளுந்து எப்படி ஊற வேண்டும், அதிரசப் பாகு எந்தப் பதம் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பது மட்டும் தானாக வராது. அந்த நேரத்தில் கை ஒன்று செய்யும், மனசு ஒன்று செய்யும்.

முதன்முதலில் என்னை வேலைக்குக் கூட்டிப்போன அக்கா பள்ளத்தூர்க்காரர். ஒருமுறை அங்கே ஒரு பெரிய வீட்டில் கல்யாண முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் முகப்பிலிருந்து கூப்பிட்டால் அடுப்படிக்குக் கேட்பதே பெரிய பாடு. வீட்டுக்கார ஆச்சி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கா இருந்த இடத்திலிருந்தே, “எண்ணெய் காயுது ஆச்சி, நீங்க இங்குட்டு வாங்க” என்று குரல் கொடுத்தார். அத்தனை கட்டும் நடந்து வந்த ஆச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏன், மகாராணி எந்திரிச்சு வரமாட்டீகளோ?” என்று கேட்டார்கள்.

“வந்துட்டீகள்ல, ஒரு முறுக்க வாயில போட்டுப் பாருங்க ஆச்சி” என்றார் அக்கா, எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குக் கூப்பிட்டோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோனது. அவர்கள் போனபிறகு அக்கா என்னிடம் சொன்னார்: “கூப்புடுறவுக காத்திருப்பாக. எண்ணெய் காத்திருக்காது. எந்திரிக்கணும்னா அடுப்ப அமத்திட்டு எந்திரி. ஒண்ணுக்குப் போறதா இருந்தாலும் அமத்திட்டுப் போ.”

இது ஒரு பெரிய விஷயமா என்று அன்றைக்கு நினைத்தேன். எழுந்தே ஆகவேண்டும் என்று ஒரு நேரம் வரும், அது வரும்போது அடுப்பின் நினைவே இருக்காது என்பதைக் கோட்டையூரில் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கோட்டையூரில் ஒரு விவசாயக் குடும்பம். பெரியவர் இறந்து பதினாறாம் நாள் காரியம். சமையலுக்கு நானும் மீனாளும் போயிருந்தோம். அந்த வீட்டு மருமகள் பெயர் சுதா. கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாமனார் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், திடீரென்று போய்விட்டார். புதுப்பெண் வந்த கையோடு வீட்டில் சாவு விழுந்தால் ஊர்வாய் என்ன சொல்லும் என்று உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பெரியவரின் தங்கை ராக்கம்மாள் என்று ஒருவர். அவர்தான் அந்த வீட்டில் ஒப்பாரிக்கு முதல் குரல். காலையில் அவர், “வெளக்கேத்த ஒருத்தி வந்தா, வீட்டு வெளக்கு அணஞ்சு போச்சே” என்று இழுத்துப் பாடியது அடுப்படி வரைக்கும் கேட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சுதாவின் கை அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் உரித்தாள். வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் அல்லவா?

சாவு விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். காரியம் முடிந்து, வடை சுட்டுத்தான் துக்கத்தைக் கழிப்பார்கள். அந்த முதல் சட்டியைக் கூலிக்கு வந்த நாங்கள் வைப்பதில்லை. வீட்டு மருமகள்தான் வைக்கவேண்டும். நான் பக்கத்தில் நின்றேன். சுதா அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் பாதிக்கும் குறைவாகவே எண்ணெய் ஊற்றிக் கும்பிட்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

“நீ பாத்துக்கத்தா, நான் மாவ எடுத்துட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். கிரைண்டர் அங்கேதான் இருந்தது. மீனாளும் அங்கே வாழை இலை கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நாட்டரசன்கோட்டையிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பிணம் எடுத்த அன்றைக்கு வரமுடியாதவர்கள். துக்கம் கேட்க ஆள் வந்தால் வீட்டுப் பெண்கள் எழுந்துபோய்க் கட்டிக்கொண்டு அழவேண்டும். போகாவிட்டால், “நாங்க வந்தோம், அந்த வீட்டு மருமக எட்டிக்கூடப் பாக்கல” என்று அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு ஓடும். அதிலும் சுதா எப்படிப் போகாமல் இருப்பாள்? “மருமக எங்க?” என்று முன்கட்டிலிருந்து ராக்கம்மாளின் குரல் வந்ததும் ஓடியிருக்கிறாள். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

எண்ணெய் ஒரேயடியாகத் தீப்பிடிக்காது, பிள்ளைகளா. முதலில் மெல்லிசாகப் புகையும். கண்ணைக் கரிக்கும், ஒருமாதிரி காறல் வாடை வரும். ‘என்னை அமத்து’ என்று அது நம்மிடம் சொல்லும் நேரம் அதுதான். அங்கேயே அடுப்பை அணைத்துவிட்டால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அன்றைக்கு வீடெல்லாம் சாம்பிராணிப் புகை, ஊதுவத்தி, சூடம். எந்தப் புகை எதிலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் பின்கட்டில் தெரியவில்லை.

மாவுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வந்தேன். அடுப்படி வெளிச்சமாக இருந்தது. சட்டியிலிருந்து தீ ஒரு முழத்துக்கு மேலே எழும்பி நின்றது. அழுதுவிட்டுத் திரும்பி வந்திருந்த சுதா முன்கட்டுக் கதவை உட்பக்கமாகச் சாத்திவிட்டு, இரண்டு கையிலும் பிடிதுணியைச் சுற்றிக்கொண்டு, எரிகிற சட்டியின் காதைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவே இல்லை. தீயைப் பார்த்தால் யாரும் கத்துவார்கள். அவள் சத்தமே இல்லாமல் அதைத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோகப் பார்த்தாள்.

எனக்குப் பின்னாலேயே வந்த மீனாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஒருத்தி சட்டியைத் தூக்கினால் கொதிக்கிற எண்ணெய் தளும்பிக் கையிலும் சேலையிலும் காலிலும் விழும். அவள் போகும் வழியெல்லாம் தீ கூடவே போகும். இன்னொருத்தி தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் வெடித்துச் சிதறும், தீ கூரைக்குப் போகும், எங்கள் மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டு பேரையும் நிறுத்தவேண்டும். கத்தி நிறுத்தலாம் என்றால், அந்தப் பிள்ளை ஏற்கனவே வெடவெடத்துக்கொண்டிருந்தது. கத்தினால் திடுக்கிட்டுச் சட்டியைத் தட்டிவிடுவாள்.

நான் சாதாரணமாகவே மெதுவாகப் பேசுகிறவள். ‘இவ பேசுறது இவளுக்கே கேக்காது’ என்று வீடுகளில் கேலி செய்வார்கள். அன்றைக்கு அந்தக் குரல்தான் உதவியது.

“சுதா, ஆத்தா. சட்டியத் தொடாத. கைய எடுத்துட்டு ஒரு எட்டுப் பின்னால வா. மீனா, வாளிய அங்கயே கீழ வையி. தண்ணி ஆகாது.”

தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருந்தால் பேசுவோமே, அப்படிச் சொன்னேன். மீனாள் வைத்துவிட்டாள். சுதா கையை எடுத்தாள், ஆனால் நகரவில்லை. நான் மாவுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

மூட ஏதாவது வேண்டும். சட்டிக்கு மூடி இல்லை. நல்லது நடக்கும்போதும் துக்கம் கழிக்கும்போதும் எண்ணெய்ச் சட்டியை மூடக்கூடாது என்று நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அதனால் மூடி எடுத்தே வைக்கமாட்டார்கள். மேடையில் வெற்றிலை பாக்கு வைத்திருந்த பித்தளைத் தாம்பாளம் கண்ணில் பட்டது. வெற்றிலையைக் கீழே கொட்டினேன். முந்தானையால் தாம்பாளத்தைத் துடைத்தேன், ஈரம் இருக்கக்கூடாதே. பிறகு முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னொரு பிடிதுணியால் தாம்பாளத்தைப் பிடித்து, என் முகத்துக்கும் தீக்கும் நடுவில் அதைச் சாய்த்து, என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகத் தள்ளி மூடினேன். மேலேயிருந்து போடவில்லை. போட்டால் தீ நம் பக்கம்தான் அடிக்கும். கேஸ் குமிழ் தீக்குக் கீழே இருந்ததால் அதை முதலில் தொடமுடியவில்லை. மூடியபிறகு திருகி அணைத்தேன். கொல்லையில் இருந்த சிலிண்டரையும் அடைக்க மீனாள் ஓடினாள்.

தாம்பாளத்தின் ஓரத்தில் இரண்டு தடவை தீ நாக்கை நீட்டியது. பிறகு இல்லை.

அதற்கு மேலும் தீ அடங்காமல் அலமாரிக்கோ கூரைக்கோ தாவியிருந்தால், நான் அங்கே நின்றிருக்கமாட்டேன். பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டிருப்பேன். அடுத்தவர் வீட்டு அடுப்படியைக் காப்பாற்றுகிறேன் என்று யாரும் உள்ளே நிற்காதீர்கள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ராக்கம்மாள் வந்தார்.

“அங்க வந்தவுக பசியோட உக்காந்திருக்காக, இங்க கதவச் சாத்திக்கிட்டு என்ன...” என்று ஆரம்பித்தவர் தாம்பாளத்தைப் பார்த்தார். “அடிப் பாவிகளா! தொடக்கச் சட்டிய யாருடி மூடுனது? இந்த வீட்டுக்கு இன்னும் என்ன வேணும்னு மூடுனீக?”

சொல்லிக்கொண்டே தாம்பாளத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

எத்தனையோ வீடுகளில் வேலை பார்த்திருக்கிறேன், வீட்டுக்காரர்களைத் தொட்டதில்லை. அன்றைக்கு அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். சூடு தணிவதற்குள் திறந்தால் காற்றுப் பட்டு எண்ணெய் திரும்பவும் பற்றிக்கொள்ளும்.

“என்னடி கையப் புடிக்குற?”

சுதா சுவரோடு ஒட்டி நின்று என்னையே பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. ஒரு பொய் என் வாய் வரைக்கும் வந்தது. ஈ விழுமென்று நான்தான் மூடினேன் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு ஏச்சு விழாது. ஆனால் நான் அப்படிச் சொன்னால் ராக்கம்மாள் தாம்பாளத்தைத் திறப்பார். திறந்தால் முகத்திலேயே அடிக்கும். தீ விஷயத்தில் ஒருத்தியைக் காப்பாற்றச் சொல்கிற பொய் இன்னொருத்தியைச் சுடும்.

“எண்ணெய் தீப்புடிச்சிருச்சும்மா. மூடித்தான் அமத்திருக்கோம். இப்பத் தொறந்தா திரும்பப் புடிக்கும்” என்றேன். சொன்னபிறகு அதோடு நிறுத்த மனசு வரவில்லை. “அடுப்ப விட்டுட்டு அந்தப் பிள்ள வெளையாடப் போகல. துக்கம் கேக்க ஆள் வந்தாகன்னு போச்சு. நீங்கதான் கூப்புட்டீக. போகாட்டியும் ஏசியிருப்பீக.”

இவ்வளவு நீளமாக நான் பேசியதை மீனாள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ராக்கம்மாள் என்னைப் பார்த்தார், மூடிய சட்டியைப் பார்த்தார், கீழே சிதறிக் கிடந்த வெற்றிலையைப் பார்த்தார். கடைசியாகச் சுதாவைப் பார்த்தார்.

“நெருப்பு எரியுது. நீ ஏன்டி கத்தல?”

சுதா வாயைத் திறந்தாள்.

“உங்களுக்குக் கேட்டுருமேன்னுதான் பெரியம்மா.”

ராக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சுதாவின் சேலையைப் பிடித்து இழுத்து, “கையக் காட்டு” என்றார். துணியைப் பிரித்தால் வலது மணிக்கட்டில் சிவந்து கன்றியிருந்தது. ராக்கம்மாள் மாவை எடுத்து அப்பப் போனார். நான் வேண்டாம் என்றேன். மாவு, பற்பசை, மை எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றேன். அவரே எழுந்து குழாயைத் திறந்து, அந்தக் கையைத் தன் கைமேல் வைத்துத் தண்ணீரில் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். அதற்குள் சுதாவின் புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை எடுக்கிறேன் என்று வந்து நின்றான்.

“அழுகையில நான் ஆயிரம் பாடுவேன். செத்தவன் என் அண்ணன். அதெல்லாம் நீ நெஞ்சுல வாங்கி வச்சுக்குவியா? கிறுக்கச்சி” என்று ஏசினார் ராக்கம்மாள். ஏசிக்கொண்டே அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு முன்கட்டுக்குப் போய், “சட்டி தீப்புடிச்சிருச்சு. எங்க மருமக நல்லா இருக்கா, அது போதும். சாப்பாட்டுக்கு நேரமாகும். பசிக்கிறவுக வாழப்பழத்தத் தின்னுட்டு உக்காருங்க” என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. அவர் வாயிலிருந்து ‘எங்க மருமக’ என்று வந்து சுதா அன்றைக்குத்தான் முதலில் கேட்டாளாம். பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக்கொண்டு வந்தபிறகும் அவள் அடுப்புப் பக்கம் வரவில்லை. பழைய சட்டி ஆறும்வரை யாரும் தொடவேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பக்கத்து அடுப்பில் வேறு சட்டி எடுத்து வைத்தோம். “நீங்களே வச்சுருங்கக்கா, எனக்கு வேணாம்” என்று சுதா கும்பிட்டாள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். அன்றைக்கு விட்டால் பிறகு வருஷக்கணக்கில் அடுப்பைப் பார்த்தாலே உடம்பு நடுங்கும். கட்டாயப்படுத்தவும் மனசில்லை.

அப்போது சுதாவின் மாமியார் வந்தார். புருஷன் போனதிலிருந்து முன்கட்டு மூலையை விட்டு எழாதவர். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, மேடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சட்டிக்குப் பொருந்துகிற ஒரு தட்டைக் கேட்டு வாங்கி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். சட்டியை மூடக்கூடாது என்று அவருக்கு நாத்தனாரைவிட நன்றாகத் தெரியும்.

“நீ வையி சுதா. நான் இங்கனயே இருக்கேன்” என்றார்.

சுதா இடது கையால் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் எண்ணெய் ஊற்றினேன். எண்ணெய் காய்வதற்குள் வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. அழுகைச் சத்தம் கேட்டது. சுதா திரும்பிப் பார்த்தாள், கால் தானாக ஓர் எட்டு எடுத்து வைத்தது. மாமியார் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார்.

“சட்டிய விட்டு நகராத. வந்தவுக இங்குட்டு வந்து அழட்டும்.”

அப்படியேதான் நடந்தது. ராக்கம்மாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்கே வந்தார். வந்த பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவரும் அழுதார், தட்டை மட்டும் மடியை விட்டு நழுவவிடவில்லை. சுதா கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு எண்ணெயைப் பார்த்தபடி நின்றாள். நான் வடை தட்டிப் போட்டேன், அவள் திருப்பிப் போட்டு எடுத்தாள். அழுகையும் வடை பொரிகிற சத்தமும் ஒன்றாக வருவதை நான் வேறு எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

அதிலிருந்து நான் போன வீடுகளில் எல்லாம் முதல் வேலையாகச் சட்டிக்கு ஒரு காய்ந்த மூடியைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஆகாது என்று யாராவது முகம் சுளித்தால் கோட்டையூரில் நடந்ததைச் சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள். நம்மைக் கூப்பிடுகிறவர்கள் பெரியவர்களாக இருக்கலாம், வந்திருப்பது சாவாகவோ கல்யாணமாகவோ இருக்கலாம். அடுப்பை அணைத்துவிட்டுப் போனால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் அது ஆறிப்போகும். தீப்பிடித்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் கூப்பிடுங்கள். உங்களோடு நிற்கிற பிள்ளை தப்புச் செய்தாலும் பயமில்லாமல் உங்களைக் கூப்பிடலாம் என்கிற மாதிரி முதலிலேயே அவளிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். தெரியாததும் இருக்கிறது. சிலர் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த கனத்த துணியைப் போட்டு மூடலாம் என்கிறார்கள். நான் செய்ததில்லை. மீனா, நீ தீயணைப்பு நிலையத்தில் கேட்டுவிட்டுப் பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லு. சுட்ட இடத்தில் எவ்வளவு நேரம் தண்ணீர் விடவேண்டும் என்பதையும் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் விசாரித்து இதில் சேர்த்துவிடு. இன்னொன்று, பிள்ளைகளா. அன்றைக்கு எடுத்த முதல் வடையை மாமியார் இரண்டாகப் பிட்டுப் பாதியைச் சுதாவின் வாயில் ஊட்டினார் என்றுதான் எனக்கு நினைவு. இல்லை, முழுசாகவே கொடுத்தார் என்கிறாள் மீனாள். கோட்டையூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் சுதாவிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அவள் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.